தறிக்குழிக்குள் மூன்று சர்க்கார்

ஐப்பசி 9, ஞாயிறு

விடியற்காலை முதல் மழை. ஆம்ப்ளிஃபயர் இரண்டும் பரண்மேல். கூம்பு ஸ்பீக்கர் நான்கும் கவிழ்த்து வைத்தாயிற்று. ஐந்தாக இருந்தவை. ஒன்று போன தேர்தல் மழையில் காணாமல் போனது. எதிர்க்கட்சிச் சதி. எந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை, நான் எல்லோருக்கும் மைக் கட்டுகிறவன்.

இந்த மைக்கில் பேசாத தலைவர் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு மந்திரி, பெயர் வேண்டாம், பேசி முடித்து இறங்கும்போது என் தோளைப் பிடித்து, “வரதா, பாதி ஓட்டு உன் மைக்குக்குத்தான்யா” என்றார். ஒயர் தடுக்கியதால் தோளைப் பிடித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். பொறாமை.

தெருச்சாக்கடை நிரம்பி வழக்கம்போல நம் வீட்டுக்குள். முன்கட்டில் மல்லிகா (இனி ம. என்றே எழுதுவேன், பேனாவில் மை குறைவு) தறி போட்டிருக்கிறாள். குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். குழியில் இன்று முழங்கால் அளவு சாக்கடை. இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நெய்துகொண்டிருந்தாள். தறியில் இருப்பது தாமல் கிராமத்துப் பெண் ஒருத்தியின் முகூர்த்தப் புடவை. அரக்குச் சிவப்பு. தையில் கல்யாணம். தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறினால் தறியில் இழுத்துக் கட்டிய பட்டு நூலை, பாவைத் தொடும். தொட்டால் கறை. கறை பட்டால் புடவை போயிற்று, ம.வின் பெயரும் போயிற்று.

ம. சொன்னது: “ஊருக்கெல்லாம் மைக்ல பேசறீங்க. இந்தச் சாக்கடைகிட்ட ஒரு வார்த்தை பேசி அனுப்பக் கூடாதா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் முனுசாமி டீக்கடையில் செய்தி. நம் வார்டுக்கு இடைத்தேர்தல். கவுன்சிலரம்மா காலமாகி இடம் காலியாகவே இருந்தது. நான் நிற்பது என்று அங்கேயே எழுந்துவிட்டேன். முனுசாமி, “உக்காரு வரதா. அது பொம்பளைங்க வார்டு” என்றார். உட்கார்ந்தேன். மூளை உட்காரவில்லை.

நாளை: மாநகராட்சிக் கொசு அறிவிப்பு, ஆட்டோவில். பேட்டரி சார்ஜ் போட மறக்கக் கூடாது.

ஐப்பசி 10, திங்கள்

வெயில். நம்பக்கூடாத வெயில்.

ம.வை நிறுத்துவது என்று தீர்மானம். அவளிடம் சொன்னேன். ஊடு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே கேட்டாள்.

“நான் நின்னா தறியில யாரு உக்கார்றது?”

“நீதான். நீ கவுன்சிலர். கவுன்சிலர் வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“அப்போ எனக்கு இன்னா வேலை?”

“கையெழுத்து.”

“பால் கார்டுல போடற மாதிரியா?”

“அதே மாதிரி.”

அறுந்த இழை ஒன்றை முடிந்தாள். பிறகு, “ஒரே ஒரு விஷயத்துக்கு நிக்கறேன். இந்தக் குழியில தண்ணி வரக் கூடாது. வேற பேச்சு எதுவும் எனக்கு வேணாம்” என்றாள்.

வாக்குக் கொடுத்தேன். இந்தச் சாக்கடைக்காக நான் ஏறாத படி இல்லை. ஞாபகத்துக்கு எழுதி வைக்கிறேன்:

கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர் (அப்போது அவர்தான் கவுன்சிலர் மாதிரி): “தெரு முனையில மாநில ஹைவேஸ் ரோடு. அதுக்கு அடியிலதான் குழாய் போவுது. எம்.எல்.ஏ.வப் பாருப்பா.”

எம்.எல்.ஏ.வின் பி.ஏ.: “ரோடு நம்மதுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்மண்டபம் இருக்குது பாருங்க, அது மத்திய சர்க்கார் பாதுகாப்பு. பக்கத்துல மண்வெட்டி வைக்க டெல்லி சொல்லணும். எம்.பி.யப் பாருங்க.”

எம்.பி. ஆபீசில்: “சாக்கடையா? அது உள்ளாட்சி ஆச்சே. கவுன்சிலரப் பாருங்க.”

நான் விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். மூன்று இடத்திலும் டீ கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

ஜனங்களுக்கு அரசாங்கம் புரிவதில்லை. எனக்குப் புரியும். அரசாங்கம் ஒரு மைக் செட். ஆம்ப்ளிஃபயர் டெல்லி. மிக்சர் மாநிலம். கூம்பு மாநகராட்சி. ஜனாதிபதி என்பவர் ஆம்ப்ளிஃபயர் மேல் வைக்கிற எலுமிச்சம்பழம். அது இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஒயர் எங்கே அறுந்தாலும் ஜனங்கள் கூம்பைத்தான் திட்டுவார்கள். இதை எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் சொல்கிறேன். முழுதும் படித்திருந்தால் நாடு தாங்காது.

ஐப்பசி 14, வெள்ளி

தூறல். ராகு காலம் தாண்டி மனு தாக்கல். ம. கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கட்டினாள். மாநகராட்சி வாசலில் என்னைப் பார்த்து யாரோ “வாங்க தலைவரே” என்றார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்தவரை. அவர் நகர்ந்த பிறகும் நான் கும்பிட்டேன்.

டம்மியாக என் அக்கா மகள் சுமதி. ஊரில் எல்லோரும் செய்வதுதான். முக்கிய மனு தள்ளுபடியானால் கையில் இன்னொன்று இருக்க வேண்டும். டம்மி இல்லாமல் மனு போடுவது, ஸ்பேர் ஃப்யூஸ் இல்லாமல் கருடசேவைக்கு மைக் கட்டுவது மாதிரி. பரிசீலனையில் முக்கிய மனு தேறியதும் டம்மி வாபஸ்.

சுமதி சட்டம் படித்தவள். கறுப்புக் கோட்டுப் போடாமல் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊருக்கு வருமானச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறாள். பேச்சு கம்மி. எங்கள் குடும்பத்தில் இது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

“மாமா, நான் டம்மிதானே? எனக்கு வேலை கிடக்குது” என்றாள்.

“வாபஸ் தாளையும் இப்பவே எழுதிடும்மா. எங்கிட்ட பத்திரமா இருக்கும்.”

எழுதிக் கொடுத்தாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மனுவில் ம.வின் தொழில் கேட்டாள். நெசவு என்று போடச் சொன்னேன். மைக் செட்டும் ம. பெயரில்தான் ஓடுகிறது, மல்லிகா சவுண்டு சர்வீஸ். மகளிர் கடன் பொம்பளைப் பெயருக்குத்தான் வரும். ஆனால் ஓட்டு நெசவுக்குத்தான் விழும் என்பது என் கணக்கு.

எதிரில் நிற்பது பெரிய கட்சி. வேட்பாளர் புவனேஸ்வரி அம்மா. பேசுவது முழுக்க அவர் வீட்டுக்காரர், அரிசி மண்டி தணிகாசலம். அந்த அம்மா மனுவை நீட்டினார், தணிகாசலம் பல்லை நீட்டினார்.

ஐப்பசி 17, திங்கள்

இந்த நாளை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். ஆனால் சரித்திரம் கேட்கும்.

பரிசீலனை. நான் முன்மொழிந்தவன் என்கிற முறையில் உள்ளே, ம. பக்கத்தில். எதிரில் தணிகாசலமும் அவருடைய வக்கீலும். அதிகாரி நல்ல மனுஷர், சளி பிடித்திருந்தது. ம.வின் மனுவை எடுத்து, “நெசவாம்மா?” என்று கேட்டார். ம. வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஆட்டோ. கணீர் என்று குரல். “பொதுமக்கள் கவனத்திற்கு... வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்...” என் குரல், பதிவு செய்து கொடுத்தது. அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். குரலில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“கேக்கறீங்களே சார், அது நம்ம குரல்தான்” என்றேன். “மாநகராட்சி அறிவிப்பு எதுவானாலும் நம்ம மல்லிகா சவுண்டு சர்வீஸ்தான். கொசு, வீட்டு வரி, குடிநீர், எல்லாம் ம... எல்லாம் இவங்க பேர்ல காண்ட்ராக்டு. இந்த வருஷமும் நமக்குத்தான் குடுத்திருக்கறாங்க. எங்கள விட்டா ஆளே இல்ல சார்.”

தணிகாசலத்தின் வக்கீல் நாற்காலியை முன்னே இழுத்தார். “சார், இதைக் குறிச்சுக்கோங்க” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மாநகராட்சியோடு நடப்பில் காண்ட்ராக்ட் உள்ளவர் மாநகராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாதாம். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒன்றாகிவிடுமாம். சட்டம் நல்ல சட்டம்தான். நேரம்தான் சரியில்லை.

மனு தள்ளுபடி. புவனேஸ்வரி அம்மா மனு ஏற்பு. சுமதி மனு ஏற்பு.

வெளியே வந்ததும் தணிகாசலம் என் கையைக் குலுக்கினார். “வரதா, எங்க வக்கீல் மூணு நாளா தேடியும் கிடைக்காதத நீ மூணு வரியில குடுத்துட்டபா.”

ம. ஆட்டோவில் ஏறினாள். வீடு வரும் வரை கல்யாணப் புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ஐப்பசி 18, செவ்வாய்

மேகமூட்டம். வீட்டுக்குள் அதைவிட.

சாம்பாரில் உப்பில்லை. கேட்டேன். “தேர்தல் அதிகாரியக் கேளுங்க” என்றாள்.

டெல்லித் தேர்தல் கமிஷனுக்குக் காரசாரமாக ஒரு மனு எழுதி, டைப் அடிக்க சுமதியிடம் கொண்டுபோனேன். படித்தாள். “மாமா, உள்ளாட்சித் தேர்தல நடத்தறது மாநிலத் தேர்தல் ஆணையம். டெல்லிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“ரெண்டு கமிஷன் இருக்குதா?”

“எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல் அவங்க. கவுன்சிலர் தேர்தல் இவங்க.”

“வெக்கிற மை ஒண்ணுதானே?”

“மை ஒண்ணுதான் மாமா.”

இதெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா என்று பார்த்தேன். தேறினாள்.

ஐப்பசி 19, புதன்

வாபஸ் வாங்கக் கடைசி நாள். காலையிலேயே தணிகாசலம் வீடு தேடி வந்துவிட்டார். பழம், வெற்றிலை. “பொண்ணு வாபஸ் வாங்கிட்டா போட்டியே இல்ல வரதா. வெற்றி விழாவுக்கு உன் மைக்தான். மேடையில உன் பேரு.”

மேடையில் பெயர். சட்டைப்பையில் தாள். இரண்டுக்கும் நடுவில் என் கை போய்ப் போய் வந்தது உண்மை. சுமதியும் அங்கேதான் நின்றாள், “நான் டம்மின்னுதானே மாமா சொன்னீங்க” என்று.

ம. தறியை விட்டு எழுந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். என் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். நாலாக மடித்தாள். குனிந்து தறிக்கட்டையின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள்.

“ரொம்ப நாளா ஆட்டம்” என்றாள்.

பிறகு சுமதியிடம், “நீ நில்லும்மா. வீடு வீடா நான் உன்கூட வர்றேன்.”

“அத்தை, எனக்குப் பேசவே வராது.”

“உங்க மாமனுக்கு வரும். அதனாலதான் இந்தக் கதி.”

தணிகாசலம் பழத்தை விட்டுவிட்டு வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். பழம் நல்ல பழம்.

மதியம் சின்னம். சுமதிக்குத் தண்ணீர்க் குழாய். தெருவில் குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஓட்டுக்கு இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

ஐப்பசி 22, சனி

வெயில். பிரசாரம் ஆரம்பம். அனுமதி வாங்கி ஆட்டோவில் இரண்டு கூம்பு. மைக் என் கையில். சுமதியும் ம.வும் முன்னால் நடை.

ஒரு சிறு தொந்தரவு. தணிகாசலம் இடைத்தேர்தல் வரும் என்று மோப்பம் பிடித்து ஆவணி மாதமே என்னிடம் குரல் பதிவு செய்துகொண்டு போயிருந்தார். “தாயுள்ளம் கொண்ட புவனேஸ்வரி அம்மாவுக்கே உங்கள் வாக்கு...” நான் மறந்தேவிட்டேன். அவர் மறக்கவில்லை. இன்று அந்த ஆட்டோ முன்னால் போகிறது, நான் பின்னால். முன்னால் போகிற வரதன் மண்டி அம்மாவுக்கு ஓட்டுக் கேட்கிறான். பின்னால் போகிற வரதன் குழாய்க்குக் கேட்கிறான்.

சாயப்பட்டறைக் கிழவர் ஒருவர் வாசலுக்கு வந்து இரண்டையும் கேட்டார். “எந்த வரதன் சொல்றதுப்பா கேக்கறது?”

“பின்னால வர்றவன் தாத்தா. அது பழைய வரதன்.”

“முன்னால போறவன் குரல் நல்லாருக்குதே.”

ஆவணியில் எனக்குத் தொண்டை நன்றாக இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

ம. ஒவ்வொரு வீட்டிலும் முன்கட்டைத்தான் பார்க்கிறாள். “உங்க குழியில எவ்ளோ ஏறுச்சு?” அவ்வளவுதான் கேட்கிறாள். அதற்கு மேல் அந்த வீட்டுப் பெண்களே பேசுகிறார்கள். இது பிரசாரமா என்று எனக்குச் சந்தேகம். கோஷம் கிடையாது, கைதட்டல் கிடையாது.

ஐப்பசி 25, செவ்வாய்

தெரு முனைக் கூட்டம். இரண்டு தரப்புக்கும் ஒரே மாலை, ஒருவர் பின் ஒருவர். இரண்டுக்கும் மைக் நான். தொழில் வேறு, குடும்பம் வேறு.

முதலில் தணிகாசலம். “மல்லிகாம்மா குழியில தண்ணி வருதுன்னு நானும் வருத்தப்படறேன். ஆனா கல்மண்டபத்த சுத்தி நூறு மீட்டருக்குள்ள மண்வெட்டி வெச்சா ஜெயிலு. டெல்லி சட்டம். ஒரு சுயேச்சை டெல்லிக்குப் போயி இன்னா கிழிக்கும்? நாங்க எங்க எம்.பி. மூலமா பேசி...”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும். அந்தச் சட்டத்தைப் பற்றி இந்தத் தெருவுக்கு முதலில் எடுத்துச் சொன்னதே நான்தான். எம்.பி. ஆபீசிலிருந்து வந்த வாரம் மைக்கில் விளக்கினேன். ஜெயில் என்பது நான் சேர்த்தது. பேச்சுக்கு ஒரு எடுப்பு வேண்டும்.

அடுத்து சுமதி. ஃபோனைப் பார்த்தே பேசினாள்.

“பழைய சின்னங்களப் பாதுகாக்கற சட்டம். பாராளுமன்றம் போட்டது. அண்ணன் சொன்னது நிஜம், நூறு மீட்டருக்குள்ள புதுசா கட்டடம் கட்டக் கூடாது. ஆனா எதெல்லாம் கட்டுமானம்னு அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்குது. சாக்கடை வெட்டறது, சாக்கடை சுத்தம் பண்றது அதுல சேராது. விலக்கு.”

கூம்பு லேசாக உய்ங் என்றது. திருகி அடக்கினேன்.

ம.தான் முன்வரிசையிலிருந்து கேட்டாள். “அப்போ இத்தினி வருஷம் டெல்லிக்காக எதுக்குக் காத்துக்கினு இருந்தோம்?”

“டெல்லிக்கு யாரும் எழுதவே இல்ல அத்தை. மாநகராட்சியில கேட்டேன். அனுமதி கேட்டு ஒரு தாளும் போகல. எல்லாரும் கூடாதுன்னு சொன்னாங்க, அதனால யாரும் கேக்கல.”

“கூடாதுன்னு முதல்ல சொன்னது யாரு?”

கூட்டம் யோசித்தது. நான் குனிந்து ஒயரைச் சரிபார்த்தேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

தணிகாசலம் எழுந்து, “இது எந்த ஊரு சட்டம்?” என்றார்.

“நீங்க சொன்ன அதே சட்டம்தான் அண்ணா. அடுத்த வரி” என்றாள் சுமதி.

கைதட்டல். ஒலியமைப்பு அவ்வளவு துல்லியமாக இல்லாவிட்டால் அந்த வரி கடைசி ஆளுக்குக் கேட்டிருக்காது. இதை யாராவது சொன்னார்களா? இல்லை. பரவாயில்லை.

ஐப்பசி 28, வெள்ளி

பேய் மழை. காலை பத்து மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று, கரண்டும் இல்லை.

குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மிதிகட்டை மறைந்தது. பாவுக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல். ம. வாளியால் இறைத்தாள். நான் அண்டாவால். இறைத்தது எல்லாம் வாசல் வழியாகத் திரும்பி வந்தது. ம. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பேச வராமல் போனது இன்றுதான். இறைக்க இரண்டு கை போதாது என்பது மட்டும் தெரிந்தது. பேட்டரி இருந்தது. மைக்கை எடுத்தேன். அலங்காரம் எதுவும் வாயில் வரவில்லை. “மல்லிகா தறியில தண்ணி. வாளி எடுத்துக்கினு வாங்க. சீக்கிரம்” என்றேன். அவ்வளவுதான். என் தொழில் வாழ்க்கையிலேயே சின்ன அறிவிப்பு.

வந்தார்கள். வாசலில் மணல் மூட்டை போட்டார்கள். குழியிலிருந்து தெரு முனை வரை வரிசை. வாளி கை மாறி கை மாறிப் போனது. வரிசையில் மூன்றாவது ஆளாக, குடையில்லாமல், புவனேஸ்வரி அம்மா. தணிகாசலம் ஊரில் இல்லையாம்.

“எங்க வூட்டுலயும் தறி இருந்தது மல்லிகா” என்றார் அந்த அம்மா. அவர் தானாகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாவு தப்பியது. ஒரு நூல்கூடக் கறை இல்லை.

ராத்திரிச் சாம்பாரில் உப்பு இருந்தது.

கார்த்திகை 6, சனி

வெயில். ஓட்டுப் பதிவு. பள்ளிக்கூடத்தில்.

ம. உள்ளே சுமதிக்கு ஏஜெண்ட். என்னை நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். மண்டபத்துக்கும் நூறு மீட்டர், ஓட்டுச்சாவடிக்கும் நூறு மீட்டர். சர்க்காருக்கு வேறு அளவு தெரியாது போல.

ஓட்டுப் போட வரிசையில் நின்றபோது என் ஃபோன் அடித்தது. ரிங்டோனாக வைத்திருந்தது மறந்துவிட்டது. “உங்கள் வாக்கு தண்ணீர்க் குழாய்க்கே” என்று என் குரல், பள்ளிக்கூடம் முழுக்க. போலீஸ்காரர் ஓடி வந்தார்.

“அத அணைங்க பெரியவரே.”

பெரியவர் என்றதுதான் வலித்தது.

முனுசாமியிடம், கலெக்டரே வந்து என்னிடம் பேசிப் பார்த்தார் என்று சொல்லியிருக்கிறேன். சீருடை போட்டவர் யாராயிருந்தால் என்ன.

கார்த்திகை 9, செவ்வாய்

சுமதி ஜெயித்தாள்.

வித்தியாசம் பெரிதில்லை. எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. சான்றிதழ் வாங்கும்போதும் அவள் முகத்தில் டம்மிக் களைதான். “மாமா, இப்ப வாபஸ் வாங்க முடியாதா?” என்றாள். ம. தலையில் ஒரு தட்டு.

முனுசாமி கடையில் எல்லோருக்கும் டீ. டம்மி யோசனை யாருடையது என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

கார்த்திகை 12, வெள்ளி

பதவியேற்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். “அது கமிஷனர் சீட்டு மாமா. உங்களுக்கு விருந்தாளி வரிசை” என்றாள் சுமதி. காதோடு காதாக.

கவுன்சிலரை மாமன்ற உறுப்பினர் என்று எழுதுகிறார்கள். மாமன் இருக்கிற மன்றம் என்றுதான் எனக்குப் படுகிறது. விசிட்டிங் கார்டுக்குச் சொல்லிவிட்டேன்: மைக் செட் வரதன், மாமன்ற உறுப்பினரின் தாய்மாமன். அச்சகத்தில், பின்பக்கம் இங்கிலீஷில் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன்.

கார்த்திகை 16, செவ்வாய்

சாக்கடை வேலை ஆரம்பம். மாநகராட்சி ஆட்கள், மாநில ஹைவேஸ் ஆட்கள், மண்டபத்துக் காவல்காரர், மூன்று சர்க்காரும் ஒரே பள்ளத்தைச் சுற்றி. சுமதி கடிதம் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். தெருவே வேடிக்கை.

ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்தான் அடைப்பு. கம்பி விட்டு இழுத்தார்கள். வந்தது எல்லாம் தேர்தல். பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள், சுருண்டு சுருண்டு. எல்லாக் கட்சியும். வெளியில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டவை உள்ளே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. தணிகாசலம் முகம்கூட ஒன்றில் பாதி வந்தது.

அதற்கும் பின்னால் ஏதோ கெட்டியாக. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். டப் என்று வந்தது. வந்த வேகத்தில் தேங்கியிருந்த தண்ணீர் எல்லாம் குபுகுபுவென்று இறங்கிப் போனது.

கூம்பு. என் ஐந்தாவது கூம்பு. அதன்மேல் சிவப்பு எழுத்தில் மல்லிகா சவுண்டு சர்வீஸ்.

தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. மாநிலமும் மத்தியமும் பார்த்தன. ம. இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இத்தினி வருஷம் சாக்கடையில கெடந்தும் பெயின்ட் போகல பாத்தீங்களா” என்றேன். “அந்தக் காலத்துச் சரக்கு.”

முதலில் சிரித்தது புவனேஸ்வரி அம்மா. பிறகு நிறுத்த முடியவில்லை.

கழுவி, வெயிலில் வைத்திருக்கிறேன். வேலை செய்யும் என்றுதான் தோன்றுகிறது.

கார்த்திகை 21, ஞாயிறு

மறுபடி நல்ல மழை. காபி குடிக்கும் முன்பே குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். மண் காய்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், கன்னத்தில் தடவியும் பார்த்தேன். ம. பார்த்துவிட்டாள்.

“ஏறுங்க. புடவைய முடிக்கணும்.”

ஏறினேன். உட்கார்ந்தாள். காலில் பிளாஸ்டிக் பை இல்லாமல் மிதிகட்டையை ஒரு மிதி மிதித்தாள். அந்தச் சத்தம் எந்தக் கூம்பிலும் வராது.

நெய்துகொண்டே சொன்னாள். முந்தாநாள் மாநகராட்சிக்குப் போயிருந்தாளாம். அறிவிப்புக் காண்ட்ராக்டை வருஷக் கடைசியோடு விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

“எதுக்கு?”

“அடுத்த தடவ சுமதி நிக்கலையாம். நான் நிக்கறேன். கையெழுத்தும் நான், வேலையும் நான். உங்க மைக் செட்டுக்கு வேற பேர் எழுதிக்கோங்க.”

தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் நான் அனுபவஸ்தன். எங்கே ஓட்டை இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

“சரி, டம்மிக்கு ஆள் வேணுமே?” என்றேன்.

நாடாவை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வீட்டுலயே ஒருத்தர் இருக்காரு. ஆனா அது பொம்பளைங்க வார்டு ஆச்சே.”